போர்வைக்கு வெளியே

முப்பதே நாளில் இயற்பியல் என்று அட்டையே கூவியது. முப்பது நாளில் சைக்கிள்கூட ஒழுங்காக விட வராது, இதில் இயற்பியலாம் என்று சிகாமணி அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, செத்த எலியைப் போடுவதுபோல எடுத்த இடத்திலேயே போட்டார். இதையும் ஒருத்தன் எழுதுகிறான், ஒருத்தன் அச்சடிக்கிறான், இன்னொருத்தன் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் டிவிக்கு மேலே வைத்துத் தூசி தட்டுகிறான். அப்போது கடைகளெல்லாம் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துக்குள்ளேயேதான் இருந்தன. கல்தூணுக்குக் கல்தூண் ஒரு தையல் மிஷின், வளையல் கடை, குங்குமக் கடை, நடுநடுவே புத்தகக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மதுரையில் வேலைவெட்டி உள்ளவன் எவனும் வெளியே வரமாட்டான். சிகாமணி வந்திருந்தார். பிரஸ்காரரைப் பார்க்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, கோவர்த்தன் கடையின் உள்தட்டுக்கு, எண்ணெய்ப் பிசுக்கு வாசமும் பழைய காகித வாசமும் கலந்து அடிக்கிற இடத்துக்கு, வந்து நின்றிருந்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. ஒரு பக்கம் யாரோ ஒருத்தியின் ரவிக்கை அளவு பென்சிலால் எழுதியிருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருந்தது, அதில்தான் அவர் எழுத வேண்டும். வீட்டிலேயே எழுதி அனுப்பியிருக்கலாம். ஒரு புத்தகத்தின் பெயர், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிற சிகாமணி சாருக்கு ஒரே ஒரு இயற்பியல் புத்தகத்தின் பெயர் தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். அவருக்கே சாப்பிடும்போதுதான் தெரிந்தது. கை பிசைந்த சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது.

எல்லாம் அந்தத் தையல்காரியால் வந்த வினை. காலையில் பெற்றோர் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண்பது பேர், எண்பது பேருக்கும் ஒரே கேள்வி, எம் பிள்ளை எவ்வளவு எடுக்கும். அதைத் தவிர இந்த ஊரில் எவனுக்கும் பிசிக்ஸில் வேறு சந்தேகம் கிடையாது. வெறும் மண்ணு என்று அவர்களைப் பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொருவருக்கும் நல்ல பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் யோகப்பிரியாவின் அம்மா எழுந்தாள். மாரீஸ்வரி, நாற்பது வயதிருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே வந்திருந்தாள். "சார், தப்பாக் கேட்டா மன்னிச்சுக்கங்க. நான் பத்தாவதோட நின்னவ. மகளுக்கு ஒப்பிச்சுப் பாக்கறப்ப நானும் சேந்து படிக்கிறேன். உங்க நோட்ஸ்ல நாப்பத்தொண்ணாம் பக்கம், ஈர்ப்பு ஒரு போர்வை மாதிரி, காத்து இருக்கிற வரைக்குந்தான் இருக்கும், வெளிய போனா இருக்காதுன்னு போட்டிருக்கீங்க. அப்ப நிலா எப்படி சார் பூமியச் சுத்துது? அது போர்வைக்கு ரொம்ப வெளியதான இருக்கு?" பின்வரிசையில் யாரோ ஒரு பையைத் தரையில் வைத்த சத்தம் கேட்டது. சிகாமணியின் வாய் தானாகத் திறந்து, "அது சிலபஸ்ல இல்லம்மா" என்றது. கூட்டம் சிரித்தது. எண்பது பேருக்கும் நிம்மதி, சிலபஸில் இல்லாத நிலா எப்படிப் போனால் என்ன. மாரீஸ்வரியும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் கூட்டம் முடிந்ததும் வந்து சீட்டை நீட்டினாள். "நானாப் படிச்சுக்கணும்னா என்ன புஸ்தகம் சார் வாங்கணும்? பேரை மட்டும் எழுதிக் குடுங்க. புதுமண்டபத்துலதான் மிஷின் போட்டிருக்கேன். இன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் இருப்பேன்." பார்த்து எழுதுகிறேன் என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். எவ்வளவு திமிர். படித்தது பத்தாவது, தைப்பது ஜாக்கெட், கேட்பது நிலா.

தூண்களுக்கு அந்தப் பக்கம் நாலைந்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எது அவளுடையது என்று தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அடுத்ததை எடுத்தார். இது தடி. முன்னுரையே பன்னிரண்டு பக்கம், அணுவை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தது நாம்தான் என்று எட்டுப் பக்கம், மிச்சம் நாலு பக்கம் நன்றி. உள்ளே போனால் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் புதுச்சொல் செய்து போட்டிருந்தார், செய்தவருக்கே மறுநாள் புரிந்திருக்காது. சிகாமணி நேராக ஈர்ப்புப் பாடத்துக்குப் போனார். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேர் வந்து எந்தப் புத்தகம் நல்லது சார் என்று கேட்டிருப்பார்கள், என் நோட்ஸ் போதும் என்று அனுப்பியிருக்கிறார், இன்றைக்குத்தான் ஒரு புத்தகத்தை எடைபோட அவரிடம் ஒரே ஒரு படிக்கல் இருந்தது. விண்வெளிக்காரன் ஏன் மிதக்கிறான்? அங்கே ஈர்ப்பு இல்லையென்றால் நிலாவை எது பிடித்துவைத்திருக்கிறது? பதில் இருந்தால் புத்தகம், இல்லையென்றால் குப்பை. தடிப்புத்தகம் அந்த இடத்தில் ஒரு சூத்திரத்தைப் போட்டு, எனவே தெளிவாகிறது என்று முடித்திருந்தது. யாருக்குத் தெளிவாகிறது? எனவே என்று எழுதிவிட்டால் தெளிவாகிவிடுமா? அவரும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதுவார். எனவே என்று இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டால் பிள்ளைகள் தலையை ஆட்டும். அடுத்தது நுழைவுத்தேர்வுக்காரன் போட்டது, ஐயாயிரம் கேள்வி, ஐயாயிரத்துக்கும் குறுக்குவழி. மிதப்பது ஏன் என்ற கேள்விக்கு, விடை 'இ' என்று மட்டும் இருந்தது. 'இ' என்றால் என்ன என்று பார்க்கப் போனால் அந்தத் தாளையே எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். நாலாவது, வழுவழுவென்று புதுசு, எளிய இயற்பியல், நீங்களே கற்கலாம். நூற்றுப் பதினாறாம் பக்கத்தில், 'ஈர்ப்பு விசை என்பது பூமியைச் சுற்றிப் போர்த்திய ஒரு கம்பளி போன்றது' என்று இருந்ததைப் படித்ததும் சிகாமணிக்குக் காது சூடானது. கம்பளி. திருட்டுப்பயல். போர்வையைத் திருடிக் கம்பளி என்று மாற்றியிருக்கிறான். ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவன், அடித்தது சரியா என்றாவது பார்க்க வேண்டாமா?

அந்தக் கோபம் பாதியிலேயே நின்றது, ஏனென்றால் அவர் மட்டும் பார்த்தாரா. போர்வையை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை, அதுதான் கொடுமை. சொந்தச் சரக்கு. முதல் வருஷம், மாடிப்படிக்குக் கீழே ஏழு பிள்ளைகளோடு தொடங்கிய வருஷம், மறுநாள் வகுப்புக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பாடநூலில் அந்த இடம் வளவளவென்று ஓடியது. பாடநூலை அவர் என்றைக்கும் ஒழுங்காகப் படித்ததில்லை, பாடநூலைப் படிக்கிறவன் டியூஷனுக்கு வரமாட்டான் என்பது அவர் கட்சி. இரண்டு மார்க் கேள்விக்கு மூன்று வரி போதும் என்று யோசித்தபோது கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் ஆராய்ச்சி. அந்தக் கேள்வி பரீட்சையில் வரவே இல்லை, அதனால் தப்பு பிடிபடவும் இல்லை. பதினான்கு பதிப்பு வந்துவிட்டது. வருஷத்துக்கு நானூறு, ஐநூறு பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் இன்ஜினியர், ஒருத்தி டாக்டர், மூன்று பேர் அவரைப்போலவே டியூஷன் மாஸ்டர். அவர்களும் இந்நேரம் எங்கோ ஒரு மாடியில் போர்வை விரித்துக்கொண்டிருப்பார்கள். சிகாமணிக்கு வியர்த்தது. காலேஜில் அவருக்குக் கிடைத்தது பிசிக்ஸ், கேட்டது கெமிஸ்ட்ரி. மனப்பாடம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தருவிப்பு எந்தப் பக்கத்தில் தொடங்கி எந்தப் பக்கத்தில் முடிகிறது, மூன்றாவது வரியில் எந்த எழுத்து கொஞ்சம் அழிந்திருக்கிறது என்பதுவரை சொல்லுவார். முதல் வகுப்பில் தேறினார். ஒரு நாளும் ஒன்றும் புரிந்ததில்லை. புரியவில்லை என்பதும் புரியாமல்தான் இத்தனை நாள் சாக்பீஸ் பிடித்திருக்கிறார். மாணவர்களை மண்ணு என்பார், மற்ற மாஸ்டர்களை டேப் ரிக்கார்டர் என்பார், பெற்றோர்களை என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. நாளைக் காலை ஆறு மணிக்கு யோகப்பிரியா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அம்மா என்ன கேட்டாள் என்று எல்லாப் பிள்ளைக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். ஆறு மணிக்கு அவர் பலகைமுன் நிற்க வேண்டும்.

அந்தப் பக்கம் ஒரு மிஷின் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டார். திரும்ப ஓடியது. அவர் ஏன் பயப்பட வேண்டும், ஒரு தையல்காரிக்கு, என்று குனிந்து கீழ்த்தட்டில் கை போனதை எடுத்தார். ஒல்லிப் புத்தகம், அட்டை போய்ப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது, உள்தாளில் புத்தகத்தின் பெயர் மட்டும் மிச்சம், எழுதியவன் பெயர் அழிந்துபோயிருந்தது. இது மட்டும் என்ன வெட்டி முறித்துவிடப்போகிறது. திறந்ததும் தானாக ஒரு பக்கத்தில் விரிந்தது, நடுவே நீலநூல் ஒரு முழம் அளவுக்குக் கிடந்தது. ஒரு மலை, மலைமேல் நின்று ஒருவன் கல்லெறிகிறான், சின்னப் படம். கல் விழுகிறது. வேகமாக எறிந்தால் தள்ளிப் போய் விழுகிறது. இன்னும் வேகமாக எறி. முதல் நொடியில் கல் ஐந்து மீட்டர் விழும் என்று இருந்தது. அது அவருக்குத் தெரியும், அரை ஜிடி ஸ்கொயர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஆனால் பூமி உருண்டை அல்லவா, எட்டு கிலோமீட்டர் போவதற்குள் தரையும் ஐந்து மீட்டர் கீழே வளைந்துவிடுகிறது. ஒரு நொடியில் எட்டு கிலோமீட்டர் போகும்படி எறிந்துவிட்டால், காற்று தடுக்காத உயரத்தில், கல் எவ்வளவு விழுகிறதோ தரையும் அவ்வளவு விலகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், தரையைத் தொடாது. மிதக்கிறவன் மிதக்கவில்லை, விழுகிறான். அவனும் விழுகிறான், அவன் உட்கார்ந்திருக்கிற விண்கலமும் சேர்ந்து விழுகிறது, அதனால் ஒன்றை ஒன்று அழுத்தவில்லை. அந்த உயரத்தில் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நிலாவும் விழுகிறது. சிகாமணி தட்டைப் பிடித்துக்கொண்டார். தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சி, சித்தப்பா ராட்சத ராட்டினத்தில் ஏற்றிவிட்டார், சிகாமணிக்கு அப்போது ஒன்பது வயது. உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் கீழே பலகை இருந்தும் இல்லாததுபோல ஆகி, அடிவயிறு கழன்று மேலே வந்தது. "சித்தப்பா, வயித்துல ஒண்ணுமே இல்ல" என்று கத்தினான் பையன். டவுசரையும் நனைத்துவிட்டான். சித்தப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது இதுதான். முப்பத்தேழு வருஷமாக வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தது இதைத்தான், எவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அரை ஜிடி ஸ்கொயரைப் பத்தாயிரம் தடவை சொல்லியிருக்கிறார், ஒரு தடவைகூட எந்தக் கல்லும் விழவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று யாரிடமோ சொல்வதுபோலத் துடைத்துக்கொண்டார்.

துடைத்த கை காய்வதற்குள் புத்தி வேறு பக்கம் ஓடியது. அதுதான் சிகாமணி. இந்தப் புத்தகத்தின் பெயரை அவளுக்கு எழுதிக் கொடுத்தால் முதல் நாளே இந்தப் பக்கத்தைப் படிப்பாள், படித்ததும் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறப்பாள். எழுதிக் கொடுத்தவன் யார்? அவரே. தன் கையால் தன் முகத்தில் கரி பூசிக்கொள்ள அவருக்கு என்ன தலையெழுத்தா. சீட்டில் கம்பளிக்காரன் பெயரை எழுதிவிடலாம். போர்வையும் கம்பளியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும், தையல்காரி வாயடைத்துப் போவாள். இந்த ஒல்லியை நாம் வாங்கிக்கொள்வோம், நாளைக் காலை ஆறு மணிக்குப் பலகையில் மலையை வரைந்து, இதெல்லாம் உங்களுக்கு மேல்வகுப்பில் வரும் என்று ஆரம்பித்தால் போதும், பிள்ளைகள் வாயைப் பிளக்கும். பதினைந்தாம் பதிப்பில் போர்வையைச் சத்தமில்லாமல் உருவிவிடலாம். ரொம்ப அற்பமாக இருந்தது, ஆனால் அற்பம் என்று தெரிவதால் மட்டும் மனுஷன் நின்றுவிடுவானா. நூலை உள்ளேயே வைத்து மூடி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்தட்டுக்கு வந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் அவருடைய நோட்ஸ், பதினான்காம் பதிப்பு, இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது, ஒவ்வொரு அட்டையிலும் அவர் படம் கோட்டு போட்டுச் சிரித்தது. இத்தனை சிகாமணிகளையும் ஒன்றாகப் பார்க்க அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"வாங்க சார், உள்ள ரொம்ப நேரமா நிக்கிறீங்களேன்னு பாத்தேன்" என்ற கோவர்த்தன், கக்கத்தில் இருந்ததைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, இது எடுத்து வைக்கச் சொன்னது சார். தட்டுலயே விட்டுட்டேன்."

"யாரு சொன்னது?"

"நம்ம மாரீஸ்வரியம்மா. அந்தா, மூணாவது தூண்ல மிஷின் போட்டிருக்குல்ல. ஒரு மாசமா மத்தியானம் சாப்பிட்ட கையோட வந்து நின்னுக்கிட்டே படிக்கும். அடையாளத்துக்கு நூலை வச்சிட்டுப் போகும். வாங்கிக்க வேண்டியதுதானம்மான்னு கேட்டேன். இல்லண்ணே, எங்க சார்கிட்ட பேரு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன், அவரு சொன்னா வாங்குறேன்னு காலைல சொல்லுச்சு."

படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். எண்பது பேருக்கு நடுவில், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு. "வேற ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று சிகாமணி கேட்டார்.

"உங்களப் பத்தியா? பெருமையாத்தான் சார் பேசும். நோட்ஸ்ல ஏதோ வேற மாதிரி இருக்குதாம். நான்கூட, தப்பாப் போட்டுட்டாரோ சாருன்னேன். கோவம் வந்துருச்சு அதுக்கு. சாருக்குத் தெரியாமயா இருக்கும், சின்னப் புள்ளைகளுக்குப் புரியணும்னு போர்வைன்னு எழுதியிருப்பாரு, நாமளே கேட்டா விளக்கமாச் சொல்லுவாருன்னுச்சு."

வைதிருந்தால் தேவலை. பத்தொன்பது வருஷமாக அவர் உலகத்தை இளப்பமாகப் பார்த்த பார்வையில் ஒரு துளி அவள் பார்த்திருந்தால்கூட அவருக்குப் பதில் பேசத் தெரிந்திருக்கும், அந்த பாஷை அவருக்கு அத்துப்படி. இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. காரணம்கூட அவளே தைத்துக் கொடுத்துவிட்டாள், அளவெடுத்ததுபோலப் பொருந்தியது, அப்படியே மாட்டிக்கொண்டு போய்விடலாம். ஆமாம்மா, பிள்ளைகளுக்காக எளிமையா எழுதினேன். காலம் முழுக்கக் கும்பிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. கோவர்த்தன் பேனாவை நீட்டியபடி, "எழுதிக் குடுத்துருங்க சார், நானே குடுத்துர்றேன்" என்றார். சிகாமணி சீட்டை நோட்ஸ் அடுக்கின் மேல், தன் சிரித்த முகத்தின் மேலேயே வைத்து, ஒல்லிப் புத்தகத்தின் பெயரை எழுதினார். அது சுலபமாக இருந்தது. பேனா எழவில்லை. என்னென்னவோ பிடித்திழுத்தது, ஆறு மணி, முதல் பெஞ்சு, பதினான்கு பதிப்பு, அப்பா இல்லாத வீட்டில் அம்மா எடுத்துவைத்த பட்டமளிப்புப் போட்டோ. கீழே எழுதினார்: நாற்பத்தொன்றாம் பக்கம் தப்பு. எளிமைக்காக எழுதியது இல்லை, எனக்குத் தெரியாது, இன்றைக்குத்தான் படித்தேன். எழுத்து கோணலாக விழுந்தது. கொடுங்க சார் என்று நீண்ட கையை விலக்கிவிட்டு, புத்தகத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரே நடந்தார். இருபது அடி தூரம்தான். அந்த இருபது அடிக்குள் மூன்று முறை கிழித்துப் போடலாம் என்று தோன்றியது.

மாரீஸ்வரி பச்சை ரவிக்கைத் துணி ஒன்றை ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்தாள். "நீங்க ஏன் சார் அலையணும்" என்று சீட்டை வாங்கினாள். படித்தாள். மேலே ஒரு வரி, கீழே மூன்று வரி, அதற்கு இத்தனை நேரம் ஆகுமா. சிகாமணிக்கு அடிவயிறு கழன்று மேலே வந்தது. பழக்கதோஷத்தில், அவளைப் பற்றி இளப்பமாக நினைத்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று தேடினார், இஞ்ச் டேப்பையும் பத்தாவதையும் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. அவள் சீட்டை மடித்து மிஷின் இழுப்பறையில் போட்டாள்.

"ஒண்ணுதான் இருக்காம்" என்று அவர் புத்தகத்தை நீட்டினார்.

மாரீஸ்வரி அதை வாங்கி நீலநூலை மட்டும் உருவிக்கொண்டு, புத்தகத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். "நான் பாதி படிச்சுட்டேன் சார். மொதல்ல நீங்க படிங்க. உங்களுக்குக் காலைல கிளாஸ் இருக்கு."